மருந்துக்கடை உதவியாளர்களுக்குத் தமிழில் வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் பொறுப்பு பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்கு உரியது. ஆயினும் கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிக் கடைகளில் சீட்டை முதலில் வாங்கி, மாத்திரை அட்டையை எடுத்து வைப்பவர்கள் உதவியாளர்களே. இவர்களுக்கு மருந்துகளின் வகைப்பாட்டை யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை.

வகைப்பாடு இரண்டு உண்டு. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று சட்டம் வகுத்தது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஷெட்யூல் எச் என்ற பட்டியலில் உள்ள மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்கோ, சீட்டு எழுதியவர் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கவும் வேண்டும். கெட்டமின் போன்ற ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். மற்றொன்று, மருந்து உடலில் செய்யும் வேலையைப் பொறுத்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரசோலமும் கிருமிக்கொல்லியான (ஆன்டிபயாட்டிக்) செஃபிக்சிமும் எச்1இல் சேர்ந்தே நிற்கின்றன. அசித்ரோமைசினும் கிருமிக்கொல்லிதான், ஆனால் அது ஷெட்யூல் எச் பட்டியலில் இருக்கிறது. அட்டையில் எச்சரிக்கை அச்சிட்ட சிவப்புக் கட்டத்தை மட்டும் பார்த்துப் பழகிய உதவியாளர் இவற்றையெல்லாம் ஒரே இனமென்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எல்லையோரத்தில் இந்த அறியாமைக்கு விலை கூடுதல். இங்குள்ள பலர் பொள்ளாச்சியில் ஒரு மருத்துவரிடமும் பாலக்காட்டில் வேறொருவரிடமும் காட்டுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒருவர் டெல்மிசார்ட்டான், மற்றவர் லோசார்ட்டான் எழுதினால் பெயர்கள் வேறு, குழு ஒன்றே. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரத்த அழுத்தம் அளவுக்கு மீறித் தாழவும், சிறுநீரகம் பாதிக்கப்படவும், பொட்டாசியம் ஏறவும் கூடும். 'சார்ட்டான்' என்ற முடிவைக் கண்டதும் சீட்டுகளைப் பார்மசிஸ்டிடம் காட்டத் தெரிந்த உதவியாளர் இருந்தால் இது அங்கேயே நிற்கும்.

கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் சீட்டில்லாமல் மாத்திரை கிடைக்கும் என்ற பேச்சும் இங்கு உண்டு. ஷெட்யூல்கள் மத்திய விதிகள். எல்லையின் இரு பக்கமும் அவையே என்பதை உதவியாளரே வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஆகவே பாலக்காடு மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கும் உதவியாளர்களுக்காகச் சித்தூர் வட்டத்தில் தமிழிலேயே வகுப்பு நடத்த வேண்டும். சட்டத்தோடு நிறுத்தாமல் மருந்துக் குழுக்களையும் கற்பித்து, எச்1 பதிவேட்டை நிரப்பும் பயிற்சியையும் அதிலேயே சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பார்மசிஸ்ட்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.