பாரிமுனைக்கு வடக்கே: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி ஆபீசுக்குள் நுழையும்வரை நெரிசலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தாய். வேலைநாளில் காலை பத்து மணிக்கு அங்கே யார் போனாலும் அப்படித்தான். மீன்பாடி வண்டிக்கும் துணிமூட்டைக்கும் நடுவில் காலைப் பார்த்து நடப்பதா, கட்டடத்தைப் பார்ப்பதா? ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குப் போ. மொத்தக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கும், தெருவின் முழு உயரமும் தெரியும். ஒன்பதரைக்குமேல் வெயில் சுவர்களில் நேராக விழுந்து சிற்ப வேலைப்பாட்டை எல்லாம் மங்கவைத்துவிடும்.

முதலில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று இரண்டு பக்கமும் பார். தெற்கே பெரிய வளாகங்கள், மரங்கள், சிவப்புச் செங்கல் ஹைகோர்ட். வடக்கே ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகள், கடைகள். ஒரே சாலையின் இரு கரைகள் இவ்வளவு மாறுபட்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

இப்போது ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. 1640 வாக்கில் ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்ததும் அதன் வடக்குச் சுவரை ஒட்டியே துணி நெய்பவர், சாயம் போடுபவர், துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்புத் தரகர்கள், வியாபாரிகள் எல்லாரும் குடியேறினார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து மூன்று வருடம் வைத்திருந்தார்கள். கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் மறைந்துகொண்டு சுட முடியும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்த பாடம். பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் இடித்தார்கள், திரும்பி வந்த ஆங்கிலேயர் மிச்சத்தை இடித்தார்கள். பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்பதற்காக ஒரு முழு ஊரே வடக்கே தள்ளிவைக்கப்பட்டது, அதுதான் இப்போதைய ஜார்ஜ் டவுன். இதற்குத் தெற்கே யாரும் கட்டக்கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஆறில் ஒன்றுதான் மிச்சம். 1773 ஜனவரி 1 என்று தேதி பொறித்த அந்தத் தூண் பாரிமுனையில் டேர் ஹவுஸ் என்ற கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாய்.

வெட்டவெளி நூறு வருடத்துக்குமேல் வெட்டவெளியாகவே கிடந்தது. கோட்டைக்குப் போர் பயம் தீர்ந்தபின் அரசாங்கத்தின் கையில் ஊர் நடுவே அவ்வளவு பெரிய காலி மனை வேறு எங்கே? அதில் 1892-இல் ஹைகோர்ட் திறக்கப்பட்டது, பக்கத்தில் சட்டக் கல்லூரி வந்தது. ஹைகோர்ட்டை முடித்துக் கொடுத்தவர் ஹென்றி இர்வின். குமிழ்களும் வளைவுகளும் முகலாயச் சாயல், சுவர் ஆங்கிலேயச் செங்கல் கட்டு. உச்சிக் கோபுரத்தில் கலங்கரை விளக்கு வைத்தார்கள். 1894 முதல் மெரினா விளக்கு வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது அதுதான். அதற்கு முந்தைய விளக்கு, 1844-இல் ஏற்றியது, கல்தூணாக அதே வளாகத்துக்குள் நிற்கிறது. வெளிச் சுவரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22-இல் குண்டு போட்டதைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. உள்ளே போக வேலைநாளில் அடையாள அட்டையோடு போ, வாசலில் சோதனை இருக்கும். வருடத்தில் ஒரு நாள் எல்லா வாசலையும் மூடிவிடுவார்கள், அது பொதுவழி என்று யாரும் பாத்தியதை கொண்டாடக் கூடாது என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த சட்டக் குறும்பு இது.

பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூரான ஒரு கல்லறைக் கோபுரம் தனியாக நிற்கும். அங்கே ஆங்கிலேயரின் இடுகாடு இருந்தது. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கியதால், பிற்பாடு கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலய முற்றத்தில் பாவிவிட்டார்கள். அந்தக் கோபுரமும் பக்கத்து நிலவறையும் மட்டும் தப்பின.

இடம்பெயர்ந்தவர்களில் கடவுள்களும் உண்டு. கறுப்பர் பட்டணத்தில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலை 1757-இல் இடித்துவிட்டு, ஜனங்கள் முணுமுணுத்ததும் பூக்கடை அருகே தேவராஜ முதலி தெருப் பக்கம் மாற்று இடம் கொடுத்தார்கள். துபாஷி மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்நின்று கட்டினார். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கோயிலாக எழும்பியது. தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாளும் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள்தான். விசுவகர்மாக்கள் என்ற கைவினைச் சமூகத்தார் பொறுப்பில் உள்ள கோயில். 1677-இல் சிவாஜி வந்து கும்பிட்டதாக அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

ஆர்மீனியக் கிறிஸ்தவர்களுடைய கோயிலும் இடம் மாறியதே. 1712-இல் பழைய ஊரில் கட்டியது போய், 1772-இல் தங்கள் சொந்த இடுகாட்டின்மேலேயே புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். அதனால்தான் உள்ளே நுழைந்ததும் நீ மிதிக்கிற பலகைக்கல் ஒவ்வொன்றும் ஒரு கல்லறையாக இருக்கும். கல்லில் உள்ள ஆர்மீனிய எழுத்தைப் பார்த்து வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதே. மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். ஆறு மணிகள், ஒன்றுக்கொன்று அளவு வேறு. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானது சென்னையில்தான், அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் இங்கேயே இருக்கிறது. தெருப் பெயர்ப் பலகைகளில் சில இடங்களில் அரண்மனைக்காரத் தெரு என்று இருக்கும், இந்தக் கோயில் உள்ள ஆர்மீனியன் தெரு அதுதான், வேறெங்கோ தேடாதே. அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயில், அந்தோணியார் திருத்தலம் உள்ள செயின்ட் மேரி இணைப் பேராலயம். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். ஆர்மீனியர் கோயில் ஞாயிறு காலை பூட்டியிருந்தால் வேலைநாளில் மதிய இடைவேளையில் ஓடிப் பார்த்துவிட்டு வா, உனக்குப் பக்கம்தான்.

புதிய ஊரிலும் பிரிவினை தொடர்ந்தது. கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. 1707 வாக்கில் இடங்கை, வலங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளிடையே பெரிய கலகம் நடந்ததிலிருந்து யார் எந்தப் பக்கம் என்பது கறாரானது. இரண்டுக்கும் நடுவே அத்தப்பள்ளம் என்று ஒரு சதுப்புத் தாழ்வு. 1780-களில் ஸ்டீபன் போபம் என்ற வக்கீல் அதில் தண்ணீரை வடித்துத் தெரு போட்டார். அதுதான் பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை. பெருமழையில் அங்கே தண்ணீர் தேங்கினால் கார்ப்பரேஷனைத் திட்டுவதற்குமுன் அது முன்பு வடிகால் பள்ளம் என்பதை நினைத்துக்கொள்.

மேற்கே வால்டாக்ஸ் ரோடு. ஹைதர் அலியின் குதிரைப்படை பயத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள், கட்டிய செலவுக்கு வரி போடப் பார்த்தார்கள், வசூலாகவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. யானைகவுனி அந்த மதிலின் வாசல்களில் ஒன்று. மதிலையே பார்க்க வேண்டுமானால் வடக்கே பழைய ஜெயில் ரோட்டில் ஒரு துண்டு இருக்கிறது, மாடிப் பூங்கா என்று கேள்.

இப்போது வீடுகள். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மண்ணடி, பவளக்காரத் தெரு, லிங்கிச் செட்டித் தெரு எங்கே நுழைந்தாலும் முகப்பு பதினைந்து இருபது அடிதான், உள்ளே நீளம் அதைப்போலப் பல மடங்கு. பக்கச் சுவர் இரண்டும் பொதுச்சுவர். ஜன்னல் வைக்க முடியாது. அதனால் வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வரும்: திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பிறகு இரண்டாம் கட்டு, அதற்கொரு முற்றம், கடைசியில் கிணறு. திண்ணைகள் அநேகமாகக் கடைகளாகிவிட்டன. முற்றத்தின்மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிய வீட்டு வாசலில் நின்றாலே பூஞ்சை வாசனை அடிக்கும். மூடியதும் சூடான காற்று மேலே போக வழி இல்லை, சுவரின் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

கூரையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதே. மாடிப்படிக்குக் கீழே, பழைய கிடங்கின் கதவு திறந்திருந்தால், அண்ணாந்து பார். தேக்குக் கட்டைகள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாக ஓடும். அவற்றின்மேல் செங்கல் நேராக இல்லாமல் மூலைவாட்டில், குத்துக்கல்லாக அடுக்கியிருக்கும். அதுதான் மெட்ராஸ் டெரஸ். அந்தச் செங்கல் சாதாரண அளவு இல்லை, ஆறங்குல நீளம், மூன்று அகலம், கனம் ஒரு அங்குலம். சுண்ணாம்புச் சாந்து தடவி ஒரு மூலையிலிருந்து ஒட்ட ஆரம்பித்தால் ஒவ்வொரு கல்லும் முன்வைத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். கீழே பலகை முட்டு வேண்டியதில்லை. அது காய்ந்ததும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பினால் அடித்தது போதும். அதன்மேல் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத் தட்டோடு.

இருநூறு வருடம் நிற்கக்கூடியது இது. கெடுவது மூன்று வழியில். தட்டோட்டின் இணைப்பு விட்டுத் தண்ணீர் இறங்கினால் முதலில் போவது சுவருக்குள் செருகிய கட்டையின் நுனி. நடுவில் பார்த்தால் கட்டை கல்போல இருக்கும், நுனி பொடியாகியிருக்கும், ஒரு மழையில் தளம் சரியும். அடுத்தது கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்று, வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். மூன்றாவது பழுதுபார்க்கிறேன் என்று செய்வது: மேலே சிமெண்ட் தளம், தண்ணீர்த் தொட்டி, ஏசி யூனிட். கட்டைகள் அந்தப் பாரத்துக்குக் கணக்குப் போட்டவை அல்ல.

சுவரிலும் இதே கதை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் பின்னால் சிக்கி, உப்பு பூத்து, பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு உரிந்த சுவரைக் கண்டால் அதுதான் காரணம் என்று வைத்துக்கொள். தூண்களில் பழைய பூச்சு மிச்சமிருந்தால் புறங்கையால் தொட்டுப் பார், கண்ணாடிபோல் வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டை வெண்கருவோடும் தயிரோடும் அரைத்துக் கடைசிப் பூச்சாகப் பூசி, ஈரம் காயும்வரை கூழாங்கல்லால் தேய்த்தது. சலவைக்கல் என்று பலரும் ஏமாறுவார்கள்.

பவளக்காரத் தெருவில் 17-ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் விற்ற யூதர்கள் இருந்தார்கள். அவர்கள் போனபின் நகரத்தார் வந்தார்கள், மண்ணடி முழுக்க இப்போது தமிழ் முஸ்லிம்களின் வியாபாரம். வீட்டின் எலும்புக்கூடு ஒன்றுதான், வந்தவர்கள் வாசலை மாற்றிக்கொண்டார்கள். முதல் மாடியைப் பார்: வார்ப்பிரும்புக் கைப்பிடி, வண்ணக் கண்ணாடி, சுதைச் சிற்பம், மேலே வருடம். கீழ்த்தளம் ஷட்டரும் போர்டுமாக உனக்கு எதுவும் சொல்லாது. சௌகார்பேட்டையில் மார்வாரி, குஜராத்தி வீடுகளுக்கும் வெண்சலவைக்கல் ஜைனக் கோயில்களுக்கும் நடுவே தங்கசாலைத் தெரு நீளமாகப் போகும். ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்திருந்த தெரு. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கு, இந்த ஞாயிற்றோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

பச்சையப்பன் மண்டபத்தை விட்டுவிடாதே. 1850-இல் ஏதென்ஸ் கோயிலைப் பார்த்துக் கட்டிய கிரேக்கத் தூண்கள், என்.எஸ்.சி. போஸ் சாலைக் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எதிர்ச் சாரியில் நின்றால்தான் தெரியும். டேர் ஹவுஸ் 1940-ஐச் சேர்ந்த, ஆர்ட் டெக்கோ என்ற பாணிக் கட்டடம்: கான்கிரீட் வந்ததால் மூலையை உருட்ட முடிந்தது, ஜன்னல்மேல் பட்டையாக நிழல்தட்டு ஓட்ட முடிந்தது. கடற்கரைச் சாலைத் தபால் தலைமையகம், பாங்கு எல்லாம் பஸ்ஸிலிருந்தே தெரிகிற கட்டடங்கள், அவற்றுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட வேண்டுமானால் சாயங்காலம் இரண்டாவது கடற்கரைச் சாலைக்குப் போ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஜனங்கள் கொண்டுவந்தது. பர்மா பஜாரும் அவர்களுக்காகவே வந்தது.

தட்டையான செருப்பு, தண்ணீர், தோள் மறைக்கும் துணி எடுத்துக்கொள். கழிப்பறை மெட்ரோ நிலையத்திலேயே முடித்துவிடு. வீட்டுக்குள் எட்டிப் பார்க்குமுன் வாசலில் நின்று கேள், வயதானவர் யாராவது இருந்தால் அவரிடம் கேள், இளவட்டங்கள் கார்ப்பரேஷனிலிருந்து இடிக்க வந்தாயோ என்று சந்தேகப்படுவார்கள். படம் எடுப்பதும் கேட்டுத்தான். ஒரு வீட்டையாவது உள்ளே விட்டால் முகப்பின் அகலம், முற்றத்தின் நீள அகலம், கட்டைகளின் இடைவெளி மூன்றையும் அளந்து, கையால் ஒரு படம் போட்டு அனுப்பு. பொதுச்சுவரின் கனத்தைக் கதவு நிலையில் அளந்தால் கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா