திமிங்கிலத்தைத் துரத்தாதீர்கள்

ஆசிரியருக்கு,
மார்ச்சில் தருமபுரியிலிருந்து குடும்பத்தோடு இலங்கை போய், அதன் தென்கரை ஊரான மிரிசாவில் திமிங்கிலம் பார்க்க விடியற்காலையில் படகேறினோம். ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறெதிலும் ஏறியிராத எங்கள் அம்மாவுக்கு, 30 மீட்டர் வரை வளரும் நீலத் திமிங்கிலம் மூச்சுவிட்டதும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் நடந்ததுதான் வேதனை. 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருந்தும் ஏழெட்டுப் படகுகள், எங்களுடையதும் சேர்த்துத்தான், அதைச் சுற்றி வளைத்தன. வாலைத் தூக்கி மூழ்கியது, திரும்ப வரவேயில்லை. ஏற்கெனவே அந்தக் கடலில் சரக்குக் கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன, அதற்காகவே 2022இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் பாதையைத் தெற்கே தள்ளிக்கொண்டது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் காசு கட்டும் முன்பே கேளுங்கள், படகைத் தள்ளி நிறுத்துவீர்களா என்று.

- ஒரு வாசகர், தருமபுரி