தவறான துளை அட்டவணையைப் பின்பற்றவில்லை என்று நிராகரிக்கப்பட்ட புகார்: இரண்டாவது கடிதம்

அனுப்புநர்: எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை உரிமையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உடைந்த போல்ட் எடுக்கும் கருவிப் பெட்டியிலிருந்த ஈசி அவுட் (உடைந்த போல்ட்டில் துளை போட்டு, உள்ளே இறக்கித் திருப்பிக் கழற்றும் கூம்பு வடிவக் கருவி) துளைக்குள் முறிந்தது, பெட்டியில் அச்சிட்ட துளை அளவு அட்டவணை தவறானது, இழப்பீடும் திருத்தமும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் எக்ஸ்ட்ராக்டர் பெட்டியில் இருந்த ஈசி அவுட் ஒன்று, வாடிக்கையாளர் ஒருவரின் எஞ்சின் பிளாக்குக்குள் முறிந்து சிக்கிக்கொண்டது. அதுபற்றி நான் எழுதிய முதல் புகாருக்கு மூன்று வரியில் பதில் அனுப்பினீர்கள். பெட்டியில் அச்சிட்டுள்ள துளை அளவு அட்டவணையை நான் பின்பற்றவில்லையாம், ஆகவே இது தவறான பயன்பாடாம், உத்தரவாதம் செல்லாதாம். பதில் எழுதியவர் அந்த அட்டவணையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அலுமினிய பிளாக். தண்ணீர் பம்பைப் பிடித்திருந்த எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டின் தலை அறுந்துபோய், மீதித் தண்டு முகத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் இருந்து, கூலன்ட்டும் கசிந்தால், அரிப்பு வெள்ளைப் பொடியாக மரைக்குள் இறங்கி போல்ட்டை அப்படியே கவ்விக்கொள்ளும். துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினேன். உடைந்த முகத்தைச் சமப்படுத்தி, நடுமையத்தில் சென்டர் பஞ்ச் அடித்து, 4 மி.மீ. துளை போட்டேன். அந்தத் துளைக்குரிய ஈசி அவுட்டை டேப் ஹேண்டிலில் மாட்டி, இரண்டு கையாலும் ஒரே சீராக இடப்புறம் திருப்பினேன். போல்ட் அசையவில்லை, ஈசி அவுட் முறிந்துவிட்டது. அடித்தடித்துத் திருப்பும் இம்பாக்ட் மெஷின் அதன் பக்கமே வரவில்லை. பைப் சொருகி நெம்பவும் இல்லை. இதையெல்லாம் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இனி உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். எம்6 போல்ட்டுக்கு 5.0, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5 மி.மீ. என்று போட்டிருக்கிறீர்கள். இந்த எண்களை எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். ஆனால் இவை உடைந்த போல்ட்டில் துளை போடுவதற்கான எண்கள் அல்ல. புதிதாக மரை வெட்டும்போது, டேப் என்ற மரை வெட்டும் கருவியை விடுவதற்கு முன்னால் போடும் துளையின் அளவுகள் இவை. போல்ட் விட்டத்திலிருந்து மரையின் பிட்ச்சை, அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கழித்தால் இந்த எண் வரும். 8-லிருந்து 1.25 போனால் 6.75, அதைத்தான் 6.8 என்று எடுத்துக்கொள்கிறோம். யாரோ ஒருவர் டேப் அட்டவணையை எடுத்து அப்படியே இங்கே ஒட்டியிருக்கிறார், சரிபார்க்க வேண்டியவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இது அச்சுப்பிழை என்று தள்ளிவிடக்கூடியதல்ல. மரையை விட்டுவிட்டால் எம்8 போல்ட்டின் நடுத்தண்டு ஏறக்குறைய 6.5 மி.மீ. தான். அதில் 6.8 துளை போட்டால் தண்டு முழுக்கத் தூளாகிவிடும். மரைச் சுருள் மட்டும் பிளாக்கின் பள்ளங்களில் மிஞ்சும். அப்புறம் ஈசி அவுட் எதைக் கவ்வும்? துளை அணுவளவு மையம் விலகினாலும் டிரில் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். எஃகைவிட அலுமினியம் மெத்தென்று இருப்பதால் பிட் அந்தப் பக்கமாகவே சாயும். கடைசியில் போல்ட்டோடு பிளாக்கின் மரையும் போகும். சற்றுக் குறைத்து 6 மி.மீ. போட்டாலும் ஆபத்துதான். சுவர் மெலிந்துபோன போல்ட்டுக்குள் கூம்பு வடிவ ஈசி அவுட்டை இறக்கினால், அது சுவரை வெளியே தள்ளி மரையை இன்னும் இறுக்கிவிடும். கழற்ற வந்த கருவியே ஆப்பு அடித்துவிடும். போல்ட் விட்டத்தில் பாதியை ஒட்டித் துளை போடுவது தொழிலில் பொதுவான வழக்கம். நான் 4 மி.மீ. போட்டது அதனால்தான். உங்கள் அட்டவணையை நான் பின்பற்றாததால்தான் அந்த பிளாக்கில் மரை இன்னும் மிச்சமிருக்கிறது.

அடுத்தது, முறிந்த துண்டு. உடைந்த முகம் சர்க்கரைத் துகள்போல மினுமினுக்கிறது. முறுக்கேறிக் களைத்த அடையாளம் துளியும் இல்லை, ஒரே வெட்டாகப் போயிருக்கிறது. அரத்தை வைத்து ராவிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. பெட்டியின் மேல் ‘அதிகக் கடினம்’ என்று பெரிய எழுத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். டிரில் பிட்டுக்கு அது பெருமைதான். முறுக்கு வாங்கும் கருவிக்கு அதுமட்டும் போதாது. கடினமாக்கிய எஃகை அளவான சூட்டில் பதப்படுத்தி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து, முறுக்கும்போது பட்டென்று உடையாத உறுதியைக் கூட்டவேண்டும். இந்தத் துண்டில் அந்தப் பதம் சரியாக நடந்ததாகத் தெரியவில்லை. உங்களிடம் ஆய்வுக்கூடம் இருக்கும், வெட்டிப் பாருங்கள்.

‘எந்த போல்ட்டையும் 10 விநாடியில் வெளியே எடுக்கலாம்’ என்று அட்டையில் இருக்கும் வாசகத்தையும் விடமுடியாது. முறுக்கைத் தாங்கும் திறன் தண்டு விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஒரே எஃகாக இருந்தால், 6.5 மி.மீ. தண்டு தாங்கும் முறுக்கில் கால் பங்குகூட 4 மி.மீ. தண்டு தாங்காது. முழுத் தண்டோடு இருந்த போல்ட்டே கழற்றும்போது அறுந்திருக்கிறது. அதைவிட மெல்லிய கருவியை அதற்குள் விட்டு, எந்த போல்ட்டையும் எடுக்கலாம் என்று சொல்வது எந்தக் கணக்கு? ஈசி அவுட்டின் எஃகு உயர்ந்ததுதான், ஆனால் அது இந்த இடைவெளியை முழுதாக அடைத்துவிடாது. இறுக்கம் பெரும்பாலும் போய், தலை மட்டும் அறுந்த போல்ட்டை ஈசி அவுட் அழகாக எடுக்கும். அரிப்பால் முழு நீளத்துக்கும் பிடித்துக்கொண்ட போல்ட்டுக்கு முதலில் எண்ணெய், சூடு, பொறுமை. மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் நட்டை வைத்து வெல்டு அடித்துத் திருப்புவது மேல். இதில் ஒரு சொல்கூட உங்கள் கையேட்டில் இல்லை. சூடாக்கும் படம் ஒன்று இருக்கிறது, அதிலும் சுடரை நேரே போல்ட் மீது காட்டியிருக்கிறீர்கள். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அங்கே சூடு சுற்றுச்சுவருக்குக் கொடுக்கவேண்டியது.

இன்னொரு குறை, சிறிதென்று விட்டுவிட முடியாதது. இடப்புறம் வெட்டும் டிரில் பிட் என்று பெட்டியில் இருக்கும் வரிசையில் ஒன்று சாதாரண வலப்புற பிட். நிமிர்த்திப் பிடித்தால் சுருள் வலப்பக்கமாக ஏறுகிறது, மற்றவை இடப்பக்கமாக ஏறுகின்றன. இந்த பிட்டுகளின் அருமையே, துளை போடும்போதே கழற்றும் திசையில் சுற்றுவதுதான். பலமுறை ஈசி அவுட்டுக்கு வேலையே வைக்காமல் போல்ட் தானாக ஏறி வந்துவிடும். வலப்புற பிட்டை ரிவர்ஸில் ஓட்டினால் வெட்டாது, உரசிச் சூடேறும். நேராக ஓட்டினால் உடைந்த போல்ட்டை இன்னும் உள்ளே இறுக்கும். நல்லவேளையாக, மாட்டுவதற்கு முன் பிட்டைப் பார்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. முதன்முதலாக இந்தப் பெட்டியை வாங்கி வீட்டு மிதிவண்டியைக் கழற்றுபவருக்கு அது எப்படித் தெரியும்?

பெட்டியில் எல்லாமே மோசம் என்று சொல்லவரவில்லை. மழுங்கிய நட்டை வெளியே இருந்து கவ்வும் சாக்கெட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. உள்சுருள் கூர்மையாக இருக்கிறது, திருப்பத் திருப்ப இறுகிப் பிடிக்கிறது, ஒன்றும் உடையவில்லை. அதே கவனத்தை ஈசி அவுட்டிலும் காட்டியிருக்கலாம்.

ஈசி அவுட் துளைக்குள் முறிந்தால் என்ன ஆகும் என்பது அதைத் தயாரிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உடைந்த போல்ட்டில் துளை போடலாம். உள்ளே சிக்கிய ஈசி அவுட்டில் சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் ஏறாது. அதைவிடக் கடினமான கார்பைட் பிட் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஸ்பார்க் எரோஷன் மெஷினில் வைத்து மின்பொறியால் அரித்தெடுக்கவேண்டும். அலுமினிய பிளாக்கில் கார்பைட் வழுக்கினால் மீட்பே இல்லை என்பதால் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். துண்டு வெளியே வந்துவிட்டது, மரையும் தப்பியது. அதற்கான கூலியும், வண்டியை ஏற்றி இறக்கிய செலவும் என் கையிலிருந்து போயின. எஞ்சினின் சொந்தக்காரரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் போல்ட்டை எடுக்கச் சொன்னாரே தவிர, உங்கள் கருவியைப் புதைக்கச் சொல்லவில்லை.

பெட்டியின் விலையைத் திருப்பித் தருவதோடு ஸ்பார்க் எரோஷன் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் நீங்கள் ஏற்கவேண்டும்; பில்களின் நகல்களை இணைத்துள்ளேன். அதைவிட முக்கியமாக, அந்த அட்டவணையோடு வெளியே போயிருக்கும் பெட்டிகளுக்கு உடனே ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி அச்சிடும் அட்டையில் சரியான துளை அளவுகளும், ஒவ்வொரு ஈசி அவுட்டும் எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு வரை தாங்கும் என்பதும், எப்போது நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பதும் இருக்கட்டும். 10 விநாடி வாசகத்தை எடுத்துவிடுங்கள். டிரில் பிட்டுகளைப் பெட்டியில் அடுக்குபவர் சுருளின் திசையைப் பார்த்து அடுக்கட்டும்.

இந்த முறையும் ‘தவறான பயன்பாடு’ என்றே பதில் வருமானால், எம்8 போல்ட்டில் 6.8 துளை போட்டு, மீதமுள்ளதை உங்கள் ஈசி அவுட்டால் எடுத்துக் காட்டும் செய்முறை வீடியோ ஒன்றையும் கூடவே அனுப்புங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டு கடிதங்களையும் உங்கள் பதிலையும் அட்டவணையின் படத்தையும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் கொடுப்பேன். முறிந்த ஈசி அவுட்டின் மேல்பாதியும் வலப்புற டிரில் பிட்டும் என்னிடம் பத்திரமாக உள்ளன. ஆய்வுக்கு வேண்டுமென்றால், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் தரும் ஆளை அனுப்புங்கள், ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், ஸ்பார்க் எரோஷன் மற்றும் போக்குவரத்து பில்களின் நகல்கள், உங்கள் பதிலின் நகல், அட்டவணை, முறிந்த முகம், டிரில் பிட்டுகள் ஆகியவற்றின் படங்கள்.