ஓட்கேக் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய்

அன்புள்ள மகளுக்கு,

ஓட்கேக்கைப் பற்றி, உன் அந்த ஓட்ஸ் தோசையைப் பற்றி எழுதினால் உடனே பதில் போடுகிறாய். சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா என்று கேட்டால் இரண்டு நீலக் கோடு மட்டும் வருகிறது. அதனால்தான் கடிதம். தமிழில் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும், ஆறுதலாக வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒன்பது வருடம் மழை, பனி பார்க்காமல் கூட்டிக்கொண்டு போனேனே.

இங்கே எல்லாரும் சுகம். மாமியின் முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து வீட்டு வேலி காற்றுக்கு விழுந்துவிட்டது. வேறு புதினம் இருந்தால் பிறகு எழுதுகிறேன்.

பத்தொன்பது நாள் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு, "அம்மா, கோர்க்கில் எனக்கு ஓட்கேக் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாய். இங்கிலாந்தில், ஸ்டோக்கில் இருக்கிற எனக்கு அயர்லாந்தின் கோர்க் கடைத்தெரு எப்படித் தெரியும்? இருந்தாலும் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே தேடத் தொடங்கிவிட்டேன். 'இங்கிலிஷ் மார்க்கெட்' என்று ஒன்று அகப்பட்டது. பெயரை நம்பி உன்னை அனுப்பினேன். நீ அனுப்பிய படத்தில் மீன் இருந்தது, குடல் இருந்தது, இரத்தத்தில் செய்கிற அந்த ட்ரிஷீன் இருந்தது. பிறகுதான் வாசித்தேன்: 1788இல் சந்தையைத் திறந்தபோது நகரசபை ஆங்கிலப் புரட்டஸ்தாந்தரின் கையில் இருந்ததாம், பெயர் அப்படி வந்ததாம். ஆங்கிலச் சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை முதலே வாசித்திருந்தால் நீ நனைந்திருக்க மாட்டாய்.

சூப்பர்மார்க்கெட்டில் நீ வாங்கியது ஸ்கொட்லாந்துக்காரரின் ஓட்கேக். அது காய்ந்த பிஸ்கட், கடித்தால் பல்லுப் போகும். எங்கள் ஸ்டபர்ட்ஷயர் ஓட்கேக் தோசைபோல மெத்தென்று இருக்க வேண்டும் என்பதை அங்கே யாருக்கு விளங்கப்படுத்துவது? அயர்லாந்துக்காரரின் பொக்ஸ்டி வாங்கிப் பார் என்றேன். அது உருளைக்கிழங்கு, அம்மா என்றாய். சரி.

பார்சல் கதை உனக்குத் தெரியும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இறைச்சி, பால் சேர்ந்த எதையும் அந்தப் பக்கம் அனுப்பக்கூடாது. மாவில் பால் இல்லையே என்று கடைக்காரியிடம் இரண்டு தரம் கேட்டு, சீஸையும் பேக்கனையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு டசின் ஓட்கேக்கைக் கட்டினேன். சுங்கப் படிவம் நிரப்பியது நான். நின்று களைத்தது எனக்குப் பின்னால் இருந்த வரிசை. மூன்று நாளில் கெடுகிற சாமான் பதினொரு நாளில் வந்து சேர்ந்தது. பூஞ்சணத்தைப் படம் பிடித்து அனுப்பினாய், பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். அந்தச் சிரிப்பு முகத்தை நான் நம்பவில்லை.

இனித் தேட வேண்டாம், நீயே சுடு. நீ இருக்கிற ஊரில் ஓட்ஸுக்கா பஞ்சம்? கோர்க்குக்குப் பக்கத்து மக்ரூமில் கல்லில் அரைத்த ஓட்ஸ் மா செய்கிறார்கள். வறுத்து அரைப்பதால் நல்ல வாசம், ஆனால் கொரகொரவென்று இருக்கும். மிக்சியில் இன்னொரு தரம் ஓடவிடு. அந்த மா 225 கிராம், கோதுமை மா 225 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு, 7 கிராம் ஈஸ்ட் பக்கெட் ஒன்று, இளஞ்சூட்டுத் தண்ணீர் 900 மில்லிலீற்றர் அளவில். கரைத்து ஒரு மணி நேரம் மூடி வை. நுரைத்து வந்ததும் தோசைபோல ஊற்று, ஆனால் கல்லு நன்றாகச் சூடான பிறகு. நீ எப்போதும் அவசரப்படுவாய். சூடாகும் முன் ஊற்றினால் ஒட்டும்.

இந்தப் பொட்டரீஸ் பகுதி ஆட்களே ஓட்கேக்கைப் 'பொட்டரீஸ் பப்படம்' என்று பகிடி பண்ணுவார்கள். இந்தியாவில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் சப்பாத்தி நினைவில் செய்யத் தொடங்கியதுதான் ஓட்கேக் என்று அப்பா ஆட்களுக்குச் சொல்லித் திரிவார். நான் நம்பினதில்லை. இங்கே ஹான்லியில் வீட்டு ஜன்னலால் ஓட்கேக் விற்ற கடைசிக் கடை 2012 மார்ச்சில் மூடின அன்று உன்னையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாரே, அன்றைக்கும் முன்னால் நின்றவருக்கு அந்தக் கதைதான். சின்ன வயதில் அங்கே உன்னைச் செல்லமாக "டக்" என்று கூப்பிட, "என்னை ஏன் வாத்து என்கிறார்கள்?" என்று அழுதாய். பேக்கன் வைத்துச் சாப்பிட்ட விஷயம் அம்மம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. கல்லுச் சூடாகும் முன் ஊற்றாதே. அந்த வீட்டில் குளிர் என்றாய், ஹீட்டரைப் போடு, காசு பார்க்காதே. வேலையில் உன்னை உயர்த்தியதை மாமிதான் சொன்னாள். பெருமையாக இருந்தது. அதையும் மாமி சொல்லித்தான் நான் அறிய வேண்டுமா?

போன வருடம் எதை எழுதினாலும் "நாங்கள்" என்று எழுதுவாய். நாங்கள் சமைத்தோம், நாங்கள் கடலுக்குப் போனோம் என்று. இந்தமுறை "எனக்கு" என்று இருக்கிறது. அந்தத் தம்பியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இங்கே வந்தபோது நான் முகம் கொடுத்துக் கதைக்காததும் எனக்கு நினைவிருக்கிறது.

நீ லீட்ஸில் படித்த காலத்தில், அங்கிருந்து அந்தப் புதன்கிழமை இரவு பை கூட இல்லாமல் வந்து நின்றாய். "ஓட்கேக் இருக்கா அம்மா?" என்றாய். ஃப்ரீசரில் ஆறு இருந்தது, ஆறையும் சூடாக்கித் தந்தேன். நீ இருக்கவும் இல்லை, குசினியில் நின்றபடியே சாப்பிட்டாய். உன் கண் வீங்கியிருந்ததை நான் கண்டேன். கண்டும், "இன்னும் கொஞ்சம் சீஸ் போடவா?" என்றுதான் கேட்டேன். விடிய உன்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஏழு வாரமாக நீ வகுப்புக்கே போகவில்லை என்று பிறகு மாமி சொன்னாள். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று போனில் உன்னைக் கத்தினேன். நீ எங்கே மறைத்தாய்? அவ்வளவு தூரம் வந்து நின்றாயே. கேட்டால் சொல்லிவிடுவாய் என்று எனக்குப் பயம். அப்பா போய் ஐந்து மாதம். இன்னொன்றைத் தாங்க முடியாது என்று உன் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தேன். இதை உன்னிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இந்தமுறையும் மூன்று கிழமையாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

என்ன பிள்ளை நடந்தது?

வியாழன் முதல் திங்கள் வரை லீவு எடுத்திருக்கிறேன். குரூவில் மாறி ஹொலிஹெட், அங்கிருந்து கப்பலில் மூன்றேகால் மணி நேரம், டப்ளினில் இருந்து கோர்க்குக்கு ரயில். வர வேண்டாம் என்றால் எழுது, வரமாட்டேன். ஒன்றும் எழுதாவிட்டால் வருவேன். தோசைக்கல்லு என்னோடு வரும். சீஸ் மட்டும் நீ வாங்கி வை, நான் கொண்டுவந்தால் பறித்துவிடுவார்கள்.

அம்மா