உன் பேச்சில் சில திருத்தங்கள்

அன்புள்ள கயல்,

பெண் தலைவர்களைப் பற்றி மாணவியர் மன்றத்துக்கு நீ எழுதிய பேச்சை இரண்டு முறை படித்தேன். உழைத்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் சிலவற்றைத் திருத்தியே ஆகவேண்டும்.

"உலகின் முதல் பெண் அதிபர் சிறிமாவோ" என்பதை மாற்று. 1960 ஜூலையில் அவர் ஆனது இலங்கையின் பிரதமர். தொகுதி எதிலும் அவர் நிற்கவில்லை. கட்சித் தலைவர் என்பதால் பதவி வந்தது, செனட்டில் இடமும் கிடைத்தது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர் ஐஸ்லாந்தின் விக்டிஸ், 1980இல். அவருக்குக் கிடைத்தது 33.8 விழுக்காடுதான். எதிரே மூன்று ஆண்கள், இரண்டாம் சுற்று கிடையாது. நம் சிங்கப்பூரின் 2011 அதிபர் தேர்தலிலும் 35.2 விழுக்காடு போதுமாக இருந்தது, நினைவிருக்கிறதா? விதி மாறினால் முடிவும் மாறும். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹில்லரிக்கு எதிராளியைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள்; மாநிலவாரியாகக் கணக்கிடும் முறையில் தோற்றார்.

விக்டோரியா வுட்ஹல் பற்றி இன்னும் எழுது. 1872இல் அமெரிக்க அதிபர் பதவிக்கு நின்றார். நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1920இல்! வாக்களிக்கத்தான் தடை, நிற்கத் தடையில்லை. வயது இன்னும் 35 ஆகாததுதான் சட்டச் சிக்கல். தேர்தல் நாளன்று அவர் சிறையில் இருந்தார்.

நம் ஊர்ப் பகுதிதான் மெலிந்திருக்கிறது. ஹலிமா யாக்கோப் 2017இல் "வாக்குகள் பெற்று வென்றார்" என்பது பிழை. அது மலாய் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட தேர்தல். தகுதிச் சான்றிதழ் பெற்றவர் அவர் ஒருவரே, போட்டியின்றி வென்றார். 1993, 2011, 2023 வாக்குச்சீட்டுகளில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே. ஆக, அதிபர் தேர்தலில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே குறியிடும் வாய்ப்பு சிங்கப்பூரர்களுக்கு இதுவரை வரவில்லை. எனக்கு அது பெரிய குறை.

ஏன் என்று கேட்பார்கள், பதிலை வைத்துக்கொள். அதிபர் தேர்தலில் நிற்க வயது 45 நிறைந்திருக்க வேண்டும். அதோடு அமைச்சர், நாடாளுமன்ற நாயகர் (சபாநாயகர்), நிரந்தரச் செயலாளர் போன்ற பதவியில் மூன்று ஆண்டுகள். அல்லது பங்குதாரர் மூலதனம் சராசரியாக 50 கோடி வெள்ளி உள்ள, லாபம் ஈட்டும் நிறுவனத்தின் தலைமைப் பதவியில் மூன்று ஆண்டுகள். இப்போது பின்னோக்கிப் பார்: 1970 முதல் 1984 வரை நம் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. முழு அமைச்சராக முதல் பெண் வந்தது 2009இல், பெண் நாயகர் 2013இல். ஹலிமாவுக்குத் தகுதி தந்தது அந்த நாயகர் பதவிதான். வாக்குச்சாவடிக்கு வெகு முன்பே வழி குறுகிவிடுகிறது. உன் பேச்சு அதைச் சொல்லவேண்டும்.

பிரதமர் பதவியையும் விட்டுவிடாதே. அங்கே வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கட்சிக்குள் முடிவாகிறது.

ஹலிமா பதவியேற்றது 2017 செப்டம்பர் 14; நீ எழுதிய 13 போட்டியின்றி வென்றதாக அறிவித்த நாள். திருத்தியதும் அனுப்பு, அம்மாவும் படிக்கவேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா