ஆம்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஓட்டைகள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகனுக்கு,

போன சனிக்கிழமை ராத்திரி கோயில் திடலில் நீங்கள் பாட்டுப் பழகியபோது நான் மிக்சர் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டாவது பாட்டின் நடுவில் சத்தத்தைக் கிழிக்கிற டிஸ்டார்ஷனைப் போட்டு அந்தச் சின்ன மெட்டை எடுத்தாயே, முதல் நாலு சுரம் அருமையாக வந்தது. அதற்கு மேல் எல்லாம் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு, கடலடிப் பாரில் மாட்டின வலை மாதிரி எதையும் பிரிக்க முடியவில்லை. நீ குனிந்து, எதிரொலி தருகிற டிலே பெடலைக் குறைத்தாய், கூட்டினாய், கடைசியில் அணைத்தே விட்டாய். உன் முகம் வாடினதைப் பார்த்தேன். பத்துப் பேர் முன்னால் சொல்ல மனசில்லை. போனில் சொன்னால் பாதிதான் விளங்கும். அதனால் எழுதுகிறேன். பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் கிட்டார் வாசிக்கிற பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

உன் விரல் சுத்தமாகத்தான் ஓடியது. பெடல்கள் நின்ற இடம்தான் சரியில்லை.

கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பை நாம் ஒரே பெட்டியாகப் பார்க்கிறோம். உள்ளே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள். முதல் ஆள் ப்ரீஆம்ப். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைத் தூக்கி, பாஸ், ட்ரெபிளைச் சரிசெய்து கொடுப்பவர் அவர். கெயின் குமிழைத் திருகினால் சத்தம் கிழிவதும் அவரிடம்தான். இரண்டாவது ஆள் பவர் ஆம்ப். ஸ்பீக்கரை அசைக்கிற பலத்தைக் கொடுப்பவர். பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று எழுதிய இரண்டு ஓட்டைகள் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வாசல். அதைத்தான் லூப் என்கிறோம். சென்டிலிருந்து பெடலுக்குள், பெடலிலிருந்து ரிட்டர்னுக்குள். அங்கே செருகின பெடல், ஏற்கெனவே கிழிந்து வந்த சத்தத்தை வாங்கி வேலை செய்யும்.

நீ எல்லாவற்றையும் கிட்டாருக்கும் ஆம்பின் முன் ஓட்டைக்கும் நடுவில் வரிசையாக வைத்திருந்தாய். டிலே பெடல் நீ மீட்டின சுரத்தை நகல் எடுத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிதாக்கி அனுப்புகிறது. அந்த நகல்கள் எல்லாம் சேர்ந்து கெயினுக்குள் போகின்றன. டிஸ்டார்ஷன் பெரிய சத்தத்தை அமுக்கும், அதனால் சின்னச் சத்தமும் அதற்குச் சமமாக மேலே வந்துவிடும். மூன்றாவது எதிரொலி தேய்ந்து மறையவேண்டிய இடத்தில் முதல் சுரம் போலவே கத்துகிறது. அதோடு விடவில்லை. டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரம் ஒரே நேரத்தில் நுழைந்தால், அவற்றின் கூட்டலிலும் கழித்தலிலும் நாம் வாசிக்காத புதுச் சத்தங்கள் பிறக்கும். ஒற்றைச் சுரமாக நீ வாசித்தாலும், பழைய சுரத்தின் நகல் கூடவே போவதால் கணக்கு இரண்டு சுரம்தான். நீ கேட்ட குழப்பம் இதுவே.

உண்மையான எதிரொலியை நினைத்துப் பார். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு பெரிய சுவர் இருந்தால், நீ போட்ட சத்தம் போய்த் திரும்பி வர ஏறக்குறைய 300 மில்லிசெகண்ட் ஆகும். ஆம்ப் முழுச் சத்தத்தையும் உருவாக்கி முடித்த பிறகுதானே அது சுவரில் மோதுகிறது? டிலேயை லூப்பில் வைக்கும்போது அந்த இயற்கை வரிசை கிடைக்கிறது. உன் அம்மா கருவாடு போடுவதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறாய். கீறி, கழுவி, உப்பு வைத்து, அப்புறம்தான் வெயில். உப்பு ஏறுவதற்கு முன்னால் வெயிலில் போட்டால் மீனும் அதேதான், வெயிலும் அதேதான், ஆனால் நாறிவிடும்.

சரி, வரிசைக்கு வருகிறேன். ட்யூனர், வா பெடல், கம்ப்ரசர், ஓவர்டிரைவ் எல்லாம் முன்னாலேயே இருக்கட்டும். கிட்டாரின் பச்சைச் சத்தத்தைத் தொட்டு வேலை செய்கிறவை அவை. லூப்பில் முதலில் இரைச்சலை அடைக்கிற நாய்ஸ் கேட், அப்புறம் ஈக்வலைசர் இருந்தால் அது, பிறகு பலர் சேர்ந்து வாசிப்பது போலாக்கும் கோரஸ், பிறகு டிலே, கடைசியில் பெரிய கூடத்தின் முழக்கம் தருகிற ரிவெர்ப்.

கேட் ஏன் முதலில் என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உன் வயசில் ஒரு கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு வாசித்தேன். இரைச்சல் கேட்கவே கூடாது என்று கேட்டைக் கடைசியில் வைத்திருந்தேன். நற்கருணைப் பாட்டில் குரல் நின்று கிட்டார் மட்டும் மெல்லத் தேய்ந்து அடங்கவேண்டிய ஓர் இடம் உண்டு. ரிவெர்ப் பாதி தேய்ந்ததும், சத்தம் குறைந்துவிட்டது என்று கேட் மூடிக்கொண்டது. கத்தியால் நறுக்கினது போலச் சத்தம் நின்றது. முன் வரிசையில் கண்மூடி இருந்த ஆச்சிகள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கேட் முதலில் இருந்தால் ப்ரீஆம்பின் இரைச்சலை மட்டும் அடைக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற டிலேயும் ரிவெர்பும் தம் வாலை முழுசாக விட்டு முடிக்கும்.

டிலேக்குப் பின் ரிவெர்ப் வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் தனியாகக் கேட்டு, பிறகு ஒரு கூடத்துக்குள் கரைகிறது. மாற்றி வைத்தால் கூடமே திரும்பத் திரும்ப வந்து மோதும். மெதுவான பின்னணிக்கு அது அழகாகக்கூட இருக்கலாம், ஆனால் மெட்டு வாசிக்கிறவனுக்கு ஆகாது. கோயிலுக்குள் வாசிக்கும்போது ரிவெர்பை அநேகமாக மூடிவிடு. அந்த உயரக் கூரையும் டைல்ஸ் தரையும் தாங்களே போதுமான அளவு தருகின்றன. திடலில் வாசித்தால் கொஞ்சம் திற. இந்த மாதக் கச்சான் காற்று எதையும் நிற்கவிடாது. கோரஸை டிலேக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று என்னைக் கேட்டால், உன் காதுக்கு விட்டுவிடுவேன். வித்தியாசம் சின்னது.

தனி மெட்டுக்குச் சத்தத்தைத் தூக்க ஒரு பூஸ்டர் வைத்திருக்கிறாயே, அதையும் லூப்புக்கு மாற்று. ஏற்கெனவே கிழிந்திருக்கிற ஆம்புக்கு முன்னால் வைத்தால் இன்னும் கிழியுமே ஒழிய, சத்தம் பெரிதாக ஏறாது.

இந்த வரிசையை மீறியும் பெரிய ஆட்கள் வாசித்திருக்கிறார்கள். ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன், சத்தத்தைச் சுழலவைக்கிற ஃபேசரை மார்ஷல் ஆம்புக்கு முன்னால் வைத்தார். அந்தச் சுழற்சி டிஸ்டார்ஷனுக்குள் போய் வருவதுதான் அவர் தேடின சத்தம். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் எதிரொலியை ஆம்புக்கு முன்னால்தான் வைத்தார், ஆனால் கிழிசலை ஃபஸ் பெடல் செய்தது, எதிரொலி அதற்குப் பின்னால் நின்றது. அவருடைய ஹைவாட் ஆம்ப் கிழியாமல் சுத்தமாக இருந்ததால் அவருக்கு லூப் தேவைப்படவில்லை. உன் டிஸ்டார்ஷன் ஆம்பின் உள்ளே பிறக்கிறது, அதனால் உனக்கு லூப் வேண்டும்.

உன் ஆம்பின் பின்பக்கத்தில் −10, +4 என்று ஒரு சின்ன சுவிட்ச் பார்த்தேன். −10-இல் வை. +4 என்றால் லூப்பில் சுமார் 1.23 வோல்ட், −10 என்றால் சுமார் 0.32 வோல்ட். நம் ஒன்பது வோல்ட் பெடல்கள் பெரிய அளவைத் தாங்காமல் உள்ளேயே உடைந்த மாதிரிக் கத்தும். அதே இடத்தில் மிக்ஸ் என்று ஒரு குமிழ் இருந்தால் அது பேரலல் லூப். அதில் உன் நேர்ச் சத்தம் தனி வழியில் போய்க்கொண்டே இருக்கும். அப்போது டிலே பெடல் எதிரொலியை மட்டும் தரும்படி அதன் மிக்ஸை முழுசாகத் திருப்பி வை. இல்லாவிட்டால் நேர்ச் சத்தம் இரண்டு வழியிலும் வந்து, கொஞ்சம் முன்பின்னாகச் சேர்ந்து, தகர டப்பாவுக்குள் வாசித்தது போல ஆகிவிடும். ஸ்பீக்கர் என்று எழுதின ஓட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அதில் எந்தப் பெடலையும் தவறிக்கூடச் செருகாதே.

கடைசியாக உப்பு. ரயில் பாலத்து இரும்பையே தின்கிற காற்று உன் ஆம்பை விடுமா? ரிட்டர்ன் ஓட்டைக்குள் ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். எதுவும் செருகாதபோது சிக்னல் அந்தத் தகட்டின் வழியாகத்தான் தாண்டிப் போகும். டார்ச் அடித்துப் பார், பச்சையாகப் பூத்திருக்கும். வாசிக்கும்போது சத்தம் திடீரென்று பாதியாகக் குறைந்து, ஆம்பைத் தட்டினால் திரும்ப வருகிறது என்று உன் கூட்டாளி சொன்னானே, அவன் ஆம்பிலும் முதலில் இதைப் பார்க்கச் சொல். சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டிக் கேபிளைச் செருகினால் சத்தம் உடனே நிமிர்ந்துவிட்டால், குற்றவாளி அந்தத் தகடுதான். பிளக்கைக் காண்டாக்ட் கிளீனரில் நனைத்து பத்துத் தடவை உள்ளே வெளியே இழுத்தால் அநேகமாகச் சரியாகும். வாசிக்காத நாளில் ஆம்புக்குமேல் துணி போட்டு மூடி வை, ஜன்னல் பக்கம் வைக்காதே.

அந்தோணியார் திருநாள் ஜூன் 13. மறுநாளோடு மீன்பிடித் தடைக்காலமும் முடிந்து நீ படகேறிவிடுவாய். பழக இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வா. நீளமான கேபிள் இரண்டு என்னிடம் இருக்கிறது, லூப்பிலிருந்து உன் காலடிப் பலகைக்குப் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு நூறு தட்டு என்று எண்ணினேன். ஒரு நிமிஷத்தின் 60,000 மில்லிசெகண்டை நூறால் வகுத்தால் ஒரு தட்டுக்கு 600 மில்லிசெகண்ட். டிலேயை அதில் பாதி, 300-இல் வைத்துக்கொண்டு வா, மீதியைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
மாமா