ஆண்டறிக்கை 2024–25: லாரி வாடகையும் நம் வாசலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"லாரி வாடகைக்குச் சங்கம் ஏதாவது பண்ணணும்" என்று போன பொதுக்குழுவில் கேட்டீர்கள். இந்த ஆண்டின் பெரும்பகுதி அந்த வேலைக்கே போனது. அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

பண்ருட்டி, கடலூர் பக்கம் முந்திரி ஆலை நடத்தும் நமக்கு ஒரு சிக்கல் தொழிலிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடியில் இறங்கி லாரியில் இங்கே வருகிறது. 80 கிலோ மூட்டையை உடைத்தால் பருப்பாகக் கிடைப்பது ஏறத்தாழ கால் பங்கு. அதாவது நான்கு லாரி உள்ளே வந்தால் ஒரு லாரிக்குத்தான் வெளியே போகச் சரக்கு. மீதி மூன்று லாரிக்காரர் ரிட்டர்ன் லோடு தேடி அலைய வேண்டும், அல்லது காலியாகத் திரும்ப வேண்டும். காலியாக ஓடும் அந்தத் தூரத்தின் டீசலையும் சேர்த்துத்தான் நம்மிடம் வாடகை கேட்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் பல வருடம் புரோக்கரிடம் ஆயிரம், ஐந்நூறு என்று பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அதனால் முதல் வேலையாக, யாருக்குக் கொட்டை வருகிறது, யாருக்குப் பருப்பு போகிறது என்று இரண்டு பட்டியலையும் வாராவாரம் ஒரே தாளில் எழுதினோம். ஒருவர் வாசலில் கொட்டை இறக்கிய லாரியே இன்னொருவரின் பருப்பை ஏற்றிக்கொண்டு சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ போனது. டெல்லி, மும்பைக்கு அனுப்பும் சிறிய உறுப்பினர்கள் அரை லோடுகளைச் சேர்த்து முழு லோடாக அனுப்பினார்கள். எல்லோருக்கும் 11.34 கிலோ டின்தான், பெட்டிக்கு இரண்டு டின்தான். அதனால் அடுக்குவதில் குழப்பம் வரவில்லை. யார் டின் யாருடையது என்ற பயம் மட்டும் முதலில் இருந்தது. பெட்டியில் வண்ணக் கோடு போட்டதும் அது போய்விட்டது.

அப்புறம் கேட் நோட்டு. லாரி வந்த நேரம், எடைமேடை ஏறிய நேரம், கிளம்பிய நேரம் என்று மூன்றை மட்டும் வாட்ச்மேன் எழுத வேண்டும். சில ஆலைகளின் நோட்டைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. காலையில் வந்த லாரி இருட்டிய பிறகுதான் கிளம்பியிருக்கிறது. பேக்கிங் முடியவில்லை, லோடுமேன் வரவில்லை, எல்.ஆர். (சரக்கு ஏற்றியதற்கான லாரி ரசீது) தயாராகவில்லை. டிரைவர் சாப்பிடாமல், கழிப்பறைக்கு இடமில்லாமல் ரோட்டோரம் கிடந்திருக்கிறார். மறுமுறை அந்த ஆலைக்கு லோடு என்றால் லாரிக்காரர் வாடகையை ஏற்றிச் சொல்வது நியாயம்தானே? வாடகையைக் குறைக்க லாரிக்காரரை நெருக்குவதைவிட, லாரி நம் வாசலில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி என்பது என் உறுதியான கருத்து. சரக்கு கட்டி முடித்த பிறகே லாரியைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டு ஒப்பந்தத்துக்கு வழித்தடம் வாரியாக ரேட் கேட்டோம். தூத்துக்குடி வழிக்கு மிகக் குறைந்த ரேட் சொன்ன ஒருவருக்கே முழு வேலையையும் கொடுத்தது நம் தவறு. பலாச் சீசன் வந்ததும் வெளியில் நல்ல வாடகை கிடைத்தது, அவர் லாரி அனுப்பவில்லை. இப்போது ஒவ்வொரு வழிக்கும் இரண்டு பேர்: பெரும்பங்கு ஒருவருக்கு, மீதி மற்றவருக்கு. டீசல் விலைக்கும் கணக்கு எழுதிவிட்டோம். சுமார் 400 கி.மீ. தூரம், லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் 100 லிட்டர். டீசல் ஒரு ரூபாய் ஏறினால் வாடகையில் 100 ரூபாய் கூடும், இறங்கினால் 100 ரூபாய் குறையும். மாதாமாதம் நடந்த வாக்குவாதம் இத்தோடு நின்றது.

எழுதாமல் விட்ட ஒன்று நம்மைச் சுட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே மூடிக்கொண்டது. சரக்கோடு கிளம்பிய லாரிகள் ஆங்காங்கே நின்றன. லாரி நின்ற நாட்களுக்கான ஹால்டிங் காசு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் இல்லை. பேசிப் பாதிக்குப் பாதி என்று முடித்தோம், இனி அதுவே விதி. சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லும் 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில் காலாவதியாகும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னும் சில. அதிக பாரம் ஏற்றச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. டின் நசுங்கினால் போனில் சொன்னால் போதாது. 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, புக்கிங் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். உத்யம் (அரசின் சிறுதொழில்) பதிவுள்ள சிறு லாரி உரிமையாளருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்காதீர்கள். வைத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். அதைவிட, அவருக்கும் வண்டித் தவணை இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. டிரைவர்கள் உட்கார நிழலும், குடிநீரும், கழிப்பறையும் ஒவ்வொரு ஆலை வாசலிலும் இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். கேட் நோட்டின் நகலை உறுப்பினர்கள் இம்மாத இறுதிக்குள் அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த ரேட் பேசும்போது கையில் வைத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
செயலாளர்